வலி போனதும் உட்காரலாம் என்று மூடிவைத்த தையல் மெஷின்

வந்த கடிதத்தின் சுருக்கம்:

"டாக்டர் தம்பிக்கு வணக்கம். எனக்கு 57 வயது, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இருபத்தாறு வருஷம் வீட்டிலேயே தையல் வேலை பார்த்தேன், நாலு வருஷமாக மெஷினை மூடிவைத்துவிட்டேன். ஆறு வருஷமாக இடுப்பில் கடுப்பு, அப்புறம் இரண்டு முட்டியிலும் குடைச்சல், இப்போது ஒரு வருஷமாக ராத்திரியானால் பாதம் எரிகிறது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஸ்கேனில் எல்4-எல்5 ஜவ்வு விலகல், தேய்மானம் என்று போட்டிருக்கிறது. ஒரு டாக்டர் வயசானால் இப்படித்தான் என்றார், இன்னொருவர் முட்டி ஆபரேஷன் என்றார், மகன் எல்லாம் மனசுதாம்மா என்கிறான். முடியாத நாளில் மெடிக்கலில் ஒரு செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வேன். வலி போனதும் மறுபடி மெஷினில் உட்காரணும், பேத்தியைப் பார்க்க பெங்களூர் போகணும், வாசலில் கோலம் போடணும். சில நாள் எதுக்கு இருக்கோம்னு தோணுது. வலி போகுமா போகாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்."

அக்கா, வணக்கம்.

சுற்றி வளைக்கவில்லை. முழுசாகப் போகாது. எழுதவே சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் "கவலைப்படாதீங்க, சரியாயிடும்" என்று உங்களிடம் ஏற்கெனவே நாலு பேர் சொல்லி நாலு வருடம் ஓடிவிட்டது, ஐந்தாவது ஆளாக நானும் வந்து அதையே சொல்வதில் பிரயோஜனம் இல்லை. மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருந்தாலே அதை நாள்பட்ட வலி என்கிறோம், உங்களுடையதற்கு வயது ஆறு. குறையும், நன்றாகவே குறையலாம். பத்துக்கு ஏழு என்று இருக்கும் வலி ஐந்துக்கு இறங்கினால், அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், அதையே நல்ல பலன் என்று எங்கள் துறையில் கணக்கு வைத்திருக்கிறோம், ஏனென்றால் அந்த அளவு குறையும்போதுதான் வருகிறவர்கள் தாங்களாகவே "இப்ப பரவாயில்ல சார்" என்கிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டது போகுமா போகாதா என்று. அதற்கு என் பதில் மேலே சொன்னதுதான்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். ஐந்து பக்கத்தில் "வலி போனதும்" என்று ஏழு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், பென்சிலால் அடிக்கோடு போட்டு எண்ணிப் பார்த்தேன். வலி போனதும் மெஷின், வலி போனதும் பெங்களூர், வலி போனதும் கோலம். வலி ஆறு வருடமாக இருக்கிறது, சரி. அந்த ஏழு காரியங்களும் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டு, முன்னால் இருக்கிற ஆள் நகர்ந்தால்தான் நாங்கள் நகருவோம் என்று காத்திருக்கின்றன. முன்னால் இருக்கிற ஆள் நகரப்போவதில்லை. அதனால் வரிசையை மாற்றிப் போடலாமா என்பதுதான் நான் உங்களோடு பேச நினைக்கும் விஷயம்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் ஒரு மனிதரின் வாழ்க்கைத் தரத்தை எப்படி அளப்பது என்று ஒரு கேள்வித்தாள் தயாரித்தது. உலகம் முழுக்க 15 ஊர்களில் மக்களோடு பேசி உருவாக்கினார்கள், அந்தப் பதினைந்தில் நம் மெட்ராசும் ஒன்று. அதன் சுருக்க வடிவத்தில் மொத்தம் 26 கேள்விகள். வலியைப் பற்றி அதில் ஒரே ஒரு கேள்விதான் வருகிறது, அதுவும் எவ்வளவு வலிக்கிறது என்று கேட்பதில்லை: நீங்கள் செய்யவேண்டியதைச் செய்யவிடாமல் உடல்வலி உங்களை எந்த அளவுக்குத் தடுக்கிறது என்று கேட்கிறது. வலி ஏழிலேயே இருந்தும் தடுப்பது பாதியாகக் குறைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், வலி மூன்றுக்கு இறங்கியும் கட்டிலை விட்டு எழாதவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே தராசில் நிற்பவை இல்லை.

ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள், பார்த்தேன். "ஜவ்வு விலகிடுச்சு" என்று கேட்டதிலிருந்து குனியவே பயமாக இருக்கிறது என்கிறீர்கள், அந்தப் பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 2015ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது, முதுகில் வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐம்பது வயதுக்காரர்களில் 100க்கு 80 பேருக்கு டிஸ்க், அதாவது நீங்கள் சொல்கிற ஜவ்வு, தேய்ந்திருந்தது, 60 பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலியே இல்லாதவர்களுக்கு! இருபது வயதுப் பிள்ளைகளிலேயே 37 பேருக்குத் தேய்மானம். அதனால் அந்தக் கறுப்புப் படத்தில் தெரிவது பொய்யில்லை, ஆனால் உங்கள் தெருவில் இருக்கிற உங்கள் வயதுப் பெண்களை எல்லாம் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தால் பாதிக்கு மேல் இதே வாசகத்தோடுதான் திரும்பி வருவார்கள், அதில் சில பேர் அன்று சாயங்காலமே நாற்று நடப் போய்விடுவார்கள்.

"தேய்மானம்" என்கிற சொல்லோடு எனக்குத் தனியாக ஒரு சண்டை உண்டு. அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிடமே செருப்பு தேய்வது ஞாபகம் வருகிறது, நடந்தால் இன்னும் தேயும், உட்கார்ந்தால் மிச்சமாகும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். மூட்டில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது, அதற்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கிற திரவத்திலிருந்துதான் போகிறது, மூட்டு மடங்கி நீண்டு, பாரம் ஏறி இறங்கும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே போய் வருகிறது. நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, "முட்டியில் கிரீஸ் காலி" என்று, அந்தக் கிரீஸ் நடக்க நடக்க ஊறும் ஜாதி. நாலு வருடம் உட்கார்ந்ததில் உண்மையில் குறைந்துபோனது தொடையின் முன்பக்கச் சதை. முட்டியின் பாரத்தைத் தாங்கிப் பிடிப்பது அதுதான்.

அடுத்தது உங்கள் மகன். "எல்லாம் மனசுதாம்மா" என்று சொன்னதில் உங்களுக்குக் கோபம், நியாயம்தான். வலி உண்மை, நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அவர் வாயில் தப்பும் தவறுமாக வந்த வார்த்தைக்குள் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ஒருமுறை திருடன் வந்துபோன வீட்டு நாயைப் பார்த்திருப்பீர்கள், அதற்கப்புறம் பால்காரர் வந்தாலும் குரைக்கும், காற்றில் கதவு ஆடினாலும் குரைக்கும். குரைப்பது நிஜம், திருடன் இல்லை. வருடக்கணக்காக வலியைச் சுமந்த நரம்புகளும் தண்டுவடமும் மூளையும் அப்படித்தான் ஆகிவிடுகின்றன, முன்பு வலிக்காத அழுத்தமும் வலிக்கிறது, முன்பு ஒரு மணி நேரத்தில் அடங்கியது இரண்டு நாள் நிற்கிறது. தூக்கம் கெட்டால், வீட்டில் சண்டை என்றால், கையில் காசு இல்லை என்றால் குரைப்பு கூடும். இதை மகனுக்குப் படித்துக் காட்டுங்கள். கூடவே உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை. அவர் நல்லவர், நீங்கள் எழுந்தாலே "நீ உட்காரு, நான் எடுக்கிறேன்" என்கிறார், தண்ணீர்ச் சொம்பு வரை கைக்கு வந்துவிடுகிறது. மகன் நம்பாததும் அவர் அதிகமாக நம்புவதும் கடைசியில் உங்களை அதே நாற்காலியில்தான் உட்காரவைக்கின்றன. சொம்பை நீங்களே போய் எடுக்கவேண்டும், அவர் பக்கத்தில் நடந்து வரட்டும்.

நம் தமிழில் வலிக்கு எத்தனை வார்த்தை பாருங்கள், கடுக்கிறது, குத்துகிறது, குடைகிறது, உளைகிறது, எரிகிறது, சுளுக்குகிறது, இழுக்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. மருத்துவம் படிக்கும்போது இதெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை, ஓ.பி.யில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். சும்மா "வலி" என்பவரிடம் அரைமணி நேரம் கேள்வி கேட்கவேண்டியிருக்கும், "சாயங்காலமானா கடுக்குது, குனிஞ்சு நிமிர்ந்தா சுருக்குன்னு குத்துது" என்பவர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுவார். "கால் உளைச்சல்" என்று சொல்கிற அதே வாயால்தான் "மன உளைச்சல்" என்றும் சொல்கிறோம், இந்த வார்த்தையை உண்டாக்கினவர்களுக்கு உடம்பும் மனசும் தனித்தனி டிபார்ட்மெண்டாகத் தெரிந்திருக்காது போல.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீங்கள் மூன்று வார்த்தை எழுதியிருக்கிறீர்கள், மூன்றும் வேறு வேறு. இடுப்பில் கடுப்பு, முட்டியில் குடைச்சல், இவை இரண்டும் தசை, மூட்டு சம்பந்தப்பட்டவை. ஆனால் ராத்திரியில் பாதம் எரிகிறது என்கிறீர்கள் பாருங்கள், அது இந்தக் கும்பலைச் சேர்ந்தது இல்லை. எரிச்சல், மதமதப்பு, ஊசி குத்துவது போல இருப்பது எல்லாம் நரம்பின் பாஷை. சுகர் இருக்கிறது, அதனால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். சுகருக்குத் தருகிற மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதும் உண்டு, அதுவும் இதே எரிச்சலைக் கொடுக்கும். மூன்று மாத சராசரி சுகரும் பி12ம் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். இது முதுகு ஸ்கேனில் தெரியாது, வலி மாத்திரைக்கும் கட்டுப்படாது. தினமும் ராத்திரி பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் படுங்கள், புண் இருந்தாலும் தெரியாத கால் அது.

மெடிக்கல் செட்டுக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு உண்மையிலேயே பயம். செட் என்றால் என்ன, கத்தரித்த அட்டைத் துண்டுகள் நாலைந்து, பழுப்புக் கவரில், பெயரில்லாமல். அதில் பெரிய மாத்திரை பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசெக்ளோஃபினாக். எப்போதாவது பல்வலிக்கு ரெண்டு நாள் போட்டுக்கொள்வது வேறு, பிரஷரும் சுகரும் இருக்கிற 57 வயது உடம்பில் வாரத்துக்கு மூன்று நாள் என்று நாலு வருடம் போடுவது வேறு. பிரஷரை ஏற்றும், வயிற்றில் புண் வைக்கும், சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும், சில வகைப் பிரஷர் மாத்திரைகளோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு அடி பலமாகவே விழும். கூடவே தருகிற கேஸ் மாத்திரை வயிற்றைத்தான் காப்பாற்றும், கிட்னியை அல்ல. (மாட்டுக்குப் போட்ட இதே டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்து, நாட்டில் அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குக் கொண்டுபோனது, 2006ல் மாட்டுக்குத் தடை செய்தார்கள். பறவை உடம்பு வேறு, மனித உடம்பு வேறு, அப்படியே ஒப்பிடக்கூடாது. ஆனாலும் பெயர் தெரியாமல் விழுங்குகிறவர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை.)

அந்தக் கவரில் ஒரு குட்டி மாத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். "அதைப் போட்டால்தான் கேட்கும்" என்று கடைக்காரர் சொல்கிற அந்தக் குட்டி, ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். சுகரை ஏற்றும், எலும்பைக் கரைக்கும், முகம் உப்பும். நாட்டு மருந்துப் பொடி என்று டப்பாவில் வருவதிலும் சிலவற்றில் இதையே கலந்துவிடுகிறார்கள், போட்ட மறுநாளே எழுந்து ஓடவைக்கிற எந்தப் பொடியையும் சந்தேகப்படுங்கள். ஒரு விஷயம் மிக முக்கியம்: அந்தக் குட்டி மாத்திரையை அடிக்கடி, நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் திடீரென்று நீங்களாக நிறுத்தக்கூடாது, கவரோடு டாக்டரிடம் போய்க் காட்டி, அவர் சொல்கிறபடி குறைக்கவேண்டும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய, ரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அப்போ வலிக்கு என்ன போடுவது? முட்டிக்கு, மேலே தடவுகிற டைக்ளோஃபினாக் ஜெல். வயிற்றுக்கும் கிட்னிக்கும் போகிற அளவு மிகக் குறைவு, பிரிட்டனில் 2022ல் வெளியிட்ட மூட்டு வழிகாட்டுதலில் முட்டிவலிக்கு முதல் மருந்தாகச் சொல்லியிருப்பது மேற்பூச்சைத்தான். அதே வழிகாட்டுதல் குளுக்கோசமைன் மாத்திரை கொடுக்கவேண்டாம் என்கிறது, நீங்கள் மாதாமாதம் அதற்குச் செலவு செய்வதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். தைலம், ஒத்தடம் எல்லாம் தாராளமாக. சின்ன வயதில் என் அம்மா ராத்திரி படுத்துக்கொண்டு "காலை மிதிச்சு விடுடா" என்பார், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் கெண்டைக்கால் மேல் ஏறி நிற்பேன். அது ஏன் சுகமாக இருக்கிறது என்பதற்கு 1965ல் மெல்சாக், வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் விளக்கம் கொடுத்தார்கள், தொடுகையும் அழுத்தமும் தண்டுவடத்தில் இருக்கிற கதவை ஓரளவு சாத்தி, வலி மேலே ஏறாமல் தடுக்கிறது என்று. முடக்கத்தான் தோசையும் பிரண்டைத் துவையலும் பிடித்தால் சாப்பிடுங்கள், ருசிக்கு நான் உத்தரவாதம், முட்டிக்கு இல்லை.

இப்போது மெஷின். மூடிவைத்திருக்கும் அந்த உறையை இந்த வாரமே எடுக்கவேண்டும், வலி இருக்கும்போதே. பழைய மாதிரி இல்லை. முன்பு எப்படித் தைத்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: முதுகுச் சாய்வில்லாத ஸ்டூலில், தீபாவளி சீசனில் எட்டு மணி நேரம் பெடல் மிதித்து, தரையில் உட்கார்ந்து துணி வெட்டி. அந்த உடம்பும் இப்போது இல்லை, அந்த முறையும் வேண்டாம். வெட்டுவதைக் கட்டில் மேலோ மேஜை மேலோ நின்றுகொண்டு செய்யுங்கள். சாய்வுள்ள நாற்காலி போடுங்கள், உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கவேண்டும், இல்லையென்றால் அடியில் ஒரு மடித்த போர்வை. மெஷினுக்குச் சின்ன மோட்டார் மாட்டித்தருகிறார்கள், காலால் லேசாக அழுத்தினால் போதும், மகன் தீபாவளிக்குப் புடவை எடுக்க நினைத்தால் இந்த முறை மோட்டார் வாங்கித்தரச் சொல்லுங்கள்.

எவ்வளவு நேரம்? இருபது நிமிடம் உட்கார்ந்தால் கடுப்பு ஆரம்பிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் பன்னிரண்டு நிமிடம். போனில் அலாரம் வையுங்கள். அடித்ததும், தையல் பாதியில் நின்றாலும், வலி இல்லாவிட்டாலும், எழுந்து கொல்லைப்புறம் வரை நடந்துவிட்டு வரவேண்டும். வலி வந்து எழுப்புவதற்கு முன் நீங்களாக எழுவதுதான் இதில் சூட்சுமம். நன்றாக இருக்கிற நாளிலும் பன்னிரண்டுதான், முடியாத நாளிலும் முடிந்தவரை பன்னிரண்டுதான், வாரத்துக்கு ரெண்டு நிமிடம் கூட்டலாம். நம்ம ஊர்ப் பெண்களிடம் நான் தோற்றுப்போகிற இடம் இதுதான். ஒரு நாள் வலி கம்மியாக இருந்தால் போதும், அன்றைக்கே ஒட்டடை அடித்து, அத்தனை பாத்திரத்தையும் இறக்கித் துலக்கி, முறுக்கும் பிழிந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழமுடியாமல் படுத்து, "பார்த்தீங்களா, வேலை செஞ்சா எனக்கு ஆகாது" என்பார்கள். ஆகாதது வேலை இல்லை அக்கா, நாலு நாள் வேலையை ஒரே நாளில் செய்தது.

ஆரம்பத்தில் பிளவுஸ் வேண்டாம். ஹூக் கட்டுவது, புடவைக்கு ஓரம் அடிப்பது, இந்த மாதிரி. பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவார்கள் என்று எழுதியிருந்தீர்கள், நாலு வருடமாக அதுவும் நின்றுபோச்சு என்று. உங்கள் வலியைக் கூட்டுவதில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்றுதான் நினைக்கிறேன், அதனால் ஹூக் கட்டும் வேலையைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடற்பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. கட்டிலில் கால் நீட்டி, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, அதைக் கீழே அமுக்கி ஐந்து எண்ணி விடுங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, ஐந்தில் ஆரம்பிக்கலாம், முடியவில்லை என்றால் முதலில் கை ஊன்றியே. சாயங்காலம் வெயில் இறங்கியதும் ஏழெட்டு நிமிடம் நடை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், அது கெடுதல் இல்லை. மறுநாள் காலையில் எழும்போது வழக்கத்தைவிட அதிகமாக வலித்தால் நேற்றுச் செய்தது கூடுதல், பாதியாக்குங்கள், நிறுத்தாதீர்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் வித்தியாசம் தெரிய, முதல் ரெண்டு வாரம் என்னைத் திட்டுவீர்கள், பரவாயில்லை. தனியாகச் செய்யப் பயமாக இருந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுப்பதும் உண்டு, சுகர் பிரஷர் மாத்திரை மட்டும்தான் தருவார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

எடை 74 என்று எழுதியிருக்கிறீர்கள். திட்டப்போவதில்லை, ஒரே ஒரு கணக்கு: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல் விழும் பாரம் ஏறக்குறைய நாலு கிலோ குறைகிறது. ராத்திரி சாப்பாட்டை மட்டும் முதலில் பாருங்கள்.

முட்டி ஆபரேஷனைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களையும் நம்பவேண்டாம், விளம்பரத்தையும் நம்பவேண்டாம். மாற்று மூட்டுகளில் 100க்கு 80க்கு மேல் 25 வருடம் தாங்குகின்றன. ஆனால் செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதற்கப்புறமும் வலி நீடிக்கிறது, இதை யாரும் பேனரில் போடுவதில்லை. உங்கள் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி இன்னும் ஓரளவு இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் நடக்கிறீர்கள். ஆறு மாதம் மேலே சொன்னதைச் செய்துவிட்டு அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம். செய்யவேண்டி வந்தாலும் இப்போது வலுவாக்குகிற தொடைச் சதை அப்போது உதவும்.

தூக்கம். மூன்று மணிக்கு முழிப்பு, மதியம் சீரியல் பார்த்துக்கொண்டே ரெண்டு மணி நேரத் தூக்கம். ராத்திரி தூங்காவிட்டால் மறுநாள் வலி கூடும், வலி கூடினால் ராத்திரி தூக்கம் வராது, இந்தச் செக்கை எங்காவது நிறுத்தவேண்டுமே, மதியத்தில் நிறுத்துங்கள், அரைமணிக்கு மேல் வேண்டாம். ஒருக்களித்துப் படுத்து, இரண்டு முட்டிக்கும் நடுவில் ஒரு தலையணை.

ஐந்தாம் பக்கத்தின் கடைசியில், சிறிய எழுத்தில், "சில நாள் எதுக்கு இருக்கோம்னு தோணுது" என்று எழுதி, அதன் மேல் ஒரு கோடும் இழுத்திருக்கிறீர்கள். அடித்தாலும் படிக்க முடிகிறது அக்கா. நாள்பட்ட வலியோடு இருப்பவர்களுக்கு இந்த எண்ணம் வருவது அரிதில்லை, அதற்காக அதைச் சும்மா விட்டுவிடவும் கூடாது. இன்றைக்கே வீட்டில் யாராவது ஒருவரிடம் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், மகளிடமாவது. டெலி மானஸ் என்று அரசு நடத்தும் இலவச மனநல எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள். அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, எப்படி என்கிற யோசனை வரை போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். டாக்டர் டுலாக்ஸெடின் போல ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, கடையில் "இது டிப்ரஷன் மாத்திரையாச்சே" என்று யாராவது சொன்னால் பதறவேண்டாம், அது மூட்டுவலி, முதுகுவலி, நரம்பு எரிச்சல் மூன்றுக்கும் பயன்படுகிற மருந்துதான், உங்கள் பிரஷரைப் பார்த்துக்கொண்டு அவர் முடிவு செய்வார்.

சில விஷயங்கள் வந்தால் மட்டும் நான் எழுதியது எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு உடனே ஓடவேண்டும். சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, தொடை இடுக்கைச் சுற்றி மரத்துப்போவது, கால் ஒன்று திடீரென்று வலுவிழப்பது, வலியோடு காய்ச்சல் அல்லது காரணமில்லாமல் எடை குறைவது, விழுந்த பிறகு வந்த புது வலி, ஒரு முட்டி மட்டும் திடீரென்று சிவந்து கொதிப்பது. இதுவரை உங்களுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

பெங்களூர் விஷயம். ரயிலில் போங்கள், எழுந்து நடக்க முடியும் என்பதால். கீழ் பெர்த் கேளுங்கள், மகளிடம் போனில் "வலி போனதும் வரேன்" என்று சொல்வதை விட்டுவிட்டுத் தேதியைச் சொல்லுங்கள், தை மாதம் என்றால் மூன்று மாதம் இருக்கிறது. போய் இறங்கி ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் படுத்துக்கொள்ளலாம், பேத்தி பக்கத்தில்தானே இருப்பாள். மார்கழியில் கோலம் போட நினைத்தால் முதல் வாரம் நாலு புள்ளிக் கோலம், சின்ன முக்காலியில் உட்கார்ந்தபடி. தெருவை அடைக்கிற கோலம் இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் போடட்டும்.

அடுத்த கடிதத்தில் வலி பத்துக்கு எத்தனை என்று எழுதவேண்டாம், எத்தனை ஹூக் கட்டினீர்கள் என்று எழுதுங்கள். மெஷின் நாலு வருடமாக ஓடவில்லை என்பதால் தோல் பெல்ட் காய்ந்து வெடித்திருக்கும், மிதித்தால் முதல் சுற்றிலேயே அறுந்துவிடும். உட்காருவதற்கு முன்னால் அதை மாற்றச் சொல்லுங்கள், ரெண்டு சொட்டு மெஷின் எண்ணெயும் விடுங்கள்.